பாதியில் நிற்கும் வகுப்பு

(தூத்துக்குடி துறைமுகத் தொழிலாளர் பயிற்சிக்கூடத்தில், மறைந்த பயிற்சி அலுவலர் திரு. சக்ரபாணி அவர்களுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பயிற்றுநர் சிவசுப்பிரமணியன் பேசியது. 1983.)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தொழிற்சங்கத் தலைவர் கிளாட்வின் அவர்களே, கப்பல் சரக்கு கம்பெனிகளின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் பாஷ்யம் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சக்ரபாணி சாரின் துணைவியார் திருமதி அலர்மேல்மங்கை அம்மையார் அவர்களே, வேலையை முடித்துவிட்டு உடம்பில் யூரியாத் தூசியோடு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, சிந்திய தானியம் கூட்டும் தாய்மார்களே, கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் புதிய கேங்குக்காரர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. எனக்குக் கப்பலில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டத் தெரியும், ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். இந்தக் கூடத்தில் சக்ரபாணி சாருக்கு உதவியாக இருந்தவன் நான். அவருக்காக இப்படி ஒரு கூட்டத்தில் நின்று பேச வேண்டிவரும் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால், ‘வாயைக் கழுவு’ என்று சொல்லியிருப்பேன். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் வகுப்பை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ‘நாளைக்குக் கப்பிக் கயிறை மாத்திக் கட்டணும், சிவா’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன மனிதர், நெஞ்சு வலி என்று படுத்தவர், வியாழக்கிழமை எழுந்திருக்கவில்லை. வகுப்பு பாதியில் நிற்கிறது. அந்தப் பாதி வகுப்புதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை இவர்கள் கப்பலில் ஏற வேண்டும் என்று கம்பெனியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. மீதி வகுப்பு தேவையில்லையாம், படித்தது போதுமாம். போதுமா? அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் இது உங்களுக்கு விளங்கும்.

தென்திருப்பேரையில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பெரிய துறைமுகம் திறந்து, கப்பல்கள் நேராகக் கரையில் வந்து கட்டத் தொடங்கிய அந்த வருஷங்களில், தோணி ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு எல்லாம் வின்ச் வேலையும் கிரேன் வேலையும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அதற்கு முன்னால் கப்பலைக் கரையில் நின்றுகூடப் பார்த்ததில்லை என்று அலர்மேல்மங்கை அம்மாவே சொல்வார்கள்!

முதல் நாள் வகுப்பு எப்படி இருந்தது தெரியுமா? கரும்பலகை, சாக்கட்டி, வரிசையாகப் பெஞ்சு. பேரன் எடுத்த ஆட்கள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கை சைகை ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். இது தூக்கு, இது இறக்கு, இது மெதுவாக, இது நிறுத்து. மூன்று மணி நேரம்! தொண்டை கட்டிப் போச்சு. கடைசியில் கேட்டார், ‘எல்லாருக்கும் புரிஞ்சுதா?’ ஒரே குரலில் பதில் வந்தது, ‘புரிஞ்சுது சார்!’ சாருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கப்பலில் போய்ப் பார்த்தால், தூக்கச் சொன்னால் இறக்குகிறார்கள், இறக்கச் சொன்னால் வேடிக்கை பார்க்கிறார்கள்.

சாருக்குக் கோபம் வரவில்லை, முகம்தான் சுருங்கிப் போச்சு. அந்தக் கேங்குக்குத் தலைமை நம் நல்லக்கண்ணு அண்ணாச்சி. தோணி ஓட்டிய காலத்தில் அவர் தண்டல். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், தண்டல் என்றால் தோணியின் தலைவர். நடுக்கடலில் அவர் சொன்னால் சொன்னதுதான். சார் அவரிடம் போய், ‘அண்ணாச்சி, புரியலைன்னா ஏன் புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?’ என்று கேட்டார். அண்ணாச்சி சொன்ன பதிலைக் கேளுங்கள். ‘இம்புட்டு நேரம் தொண்டை வறளப் பேசுன மனுசன்கிட்ட புரியலைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க மனசு சங்கடப்படமாட்டீங்களா?’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று அம்மா என்னிடம் சொன்னார்கள். ‘என்மேல மரியாதை வச்சு அவங்க பொய் சொல்றாங்க. அந்த மரியாதையால யாருக்காவது உயிர் போகப் போகுது’ என்றாராம். அன்றோடு சரி! அதன்பிறகு இந்தக் கூடத்தில் ‘புரிஞ்சுதா’ என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. நான் ஒருநாள் வாய் தவறிக் கேட்டதற்கு, எல்லோரும் போன பிறகு, ‘அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு சிவா, அதை நாமளே சொல்லிக்கலாம்’ என்றார். பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார். உத்திரத்தில் ஒரு கப்பியைக் கட்டினார். மண் நிரப்பிய சாக்குகளை வாங்கி வைத்தார். ‘சொல்லுங்க’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘செஞ்சு காட்டுங்க’ என்றார்.

அவர் பயந்தது நடந்தது. நல்லக்கண்ணு அண்ணாச்சியின் கேங்கில் இருந்த அய்யாக்குட்டி இறந்தார்.

இந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லலாமா என்று நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் கேட்டேன். ‘சொல்லு, சொல்லணும்’ என்றார். அதனால் சொல்கிறேன். கப்பலின் அடித்தளத்திலிருந்து மூட்டைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மேலே நின்று வின்ச்காரருக்குக் கை காட்டியவர் அண்ணாச்சி. மூட்டைகளைக் கட்டியிருந்த கயிறு ஒரு இடத்தில் இழை இழையாகப் பிரிவதை எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டார்! அண்ணாச்சி நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. பார்த்தவர் சத்தம் போட்டிருந்தால் போதும், ஒரு வார்த்தை போதும். போடவில்லை. கயிறு அறுந்தது. கீழே அய்யாக்குட்டி.

சார் அந்த மனிதரைத் தேடிப் போய்க் கேட்டார். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. அவர் அழுதுகொண்டே சொன்னார், ‘தண்டல் கை காட்டிக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி சார் குறுக்க வாய் திறக்க?’

தோழர்களே! இதை யார்மேல் குற்றமாகச் சொல்ல முடியும்? தோணியில் அது வழக்கம். புயலடிக்கும்போது ஆளுக்கு ஒன்று கத்தினால் தோணி கவிழ்ந்துவிடும். தண்டல் ஒருவர் வாய்தான் பேச வேண்டும். அந்த வழக்கம்தான் நம் தாத்தன் பூட்டனைக் கரை சேர்த்தது. அதே வழக்கம் இரும்புக் கப்பலில் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டது. இங்கே சட்டம் வேறு. தூக்கு என்று ஒருவர்தான் சொல்ல வேண்டும். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். எழுதிப் போட்டால் ஒரு வரி. ஆனால் நாற்பது வயதுக்காரர் ஒருவர், தன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பாவைப் பார்த்து ‘நிறுத்து!’ என்று கத்த வேண்டுமே! அதை எந்தக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுப்பது?

அதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். அதுதான் அவர் செய்த வேலை. அதை மட்டும்தான் செய்தார் என்றுகூடச் சொல்லுவேன்.

எப்படிச் செய்தார்? முதலில் நல்லக்கண்ணு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். அண்ணாச்சி வேலைக்கு வராமல், யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்த நேரம். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். போய் உட்கார்ந்து, ‘அண்ணாச்சி, எனக்கு வகுப்பு நடத்தத் தெரியலை. நீங்க வந்து கூட நிக்கணும்’ என்றார். அவ்வளவுதான். மறுநாள் அண்ணாச்சி வந்தார். அன்றுமுதல் புதிய கேங்கு எது வந்தாலும், அதன் பெரியவரைச் சார் முதல்நாளே தனியாகக் கூப்பிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் செய்து பழகவிடுவார். தன் ஆட்களுக்கு முன்னால் அவர் தடுமாறக்கூடாது என்பதற்காக. பெரியவருக்கு வெட்கம் வந்துவிட்டால் அந்தக் கேங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

ஒருமுறை மாமனாரும் மருமகனும் ஒரே வகுப்பில் மாட்டிக்கொண்டார்கள். பெயர் சொல்லமாட்டேன், இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள், சிரிக்கவேண்டாம். மாப்பிள்ளை உள்ளே வந்தால் மாமனார் எழுந்து நிற்கிறார். மாமனார் எதிரே வந்தால் மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். மாமனார் மூட்டைக்குக் கீழே நிற்க வேண்டும், மாப்பிள்ளை ‘நிறுத்து’ சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தூணைப் பார்த்து முனகுகிறார்! சார் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார், ‘தம்பி, இவர் தலையில மூட்டை விழுந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க சம்சாரத்துகிட்ட என்ன சொல்லுவீங்க?’ அவ்வளவுதான்! போட்டாரே ஒரு சத்தம்! தெற்குக் கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

தானியம் கூட்டும் பெண்களையும் வகுப்பில் சேர்த்தார். ‘கூட்டிப் பெருக்குறவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?’ என்று பல பேர் கேட்டார்கள். பாஷ்யம் சார், நீங்களும் கேட்டீர்கள், நான் மறக்கவில்லை. ‘அவங்க கீழ நின்னு மேல பாக்குறாங்க. நாம மேல நின்னு கீழ பாக்குறோம். ரெண்டும் வேணும்’ என்று பதில் சொன்னார். பிச்சம்மாள் அக்கா வகுப்பு முடித்த முதல் வாரமே இரண்டு கையையும் விரித்து நின்று வேலையை நிறுத்திவிட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. கயிற்றில் காக்காய் இறகு ஒட்டியிருந்திருக்கிறது, கயிறு பிரிகிறது என்று நினைத்துவிட்டார்கள். கப்பல் அதிகாரி குதித்தார், கம்பெனியிலிருந்து ஆள் வந்து கத்தினார். அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள். சார் என்ன செய்தார் தெரியுமா? எல்லோருக்கும் முன்னால் பிச்சம்மாள் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். ‘நல்லாச் செஞ்சீங்கம்மா. அடுத்த தடவையும் சந்தேகம் வந்தா இதே மாதிரி செய்யுங்க’ என்றார். கத்தியவர்களிடம் திரும்பி, ‘தப்பா நிறுத்தினவங்களை இன்னைக்குத் திட்டினா, சரியா நிறுத்த நாளைக்கு ஆள் இருக்காது’ என்றார். அவருக்கு மெமோ வந்தது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த தடவை வந்தது. அன்றைக்குக் கப்பல் விளிம்பில் நின்று கை காட்டியவர் நல்லக்கண்ணு அண்ணாச்சி. மூட்டைக் கட்டு கரைக்கு மேலே வந்துவிட்டது, கீழே லாரியில் ஆட்கள். கொக்கியின் நுனியில் கயிறு நழுவி நிற்பது கீழேயிருந்து பார்த்த பிச்சம்மாள் அக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது. கையை விரித்தார்கள். அண்ணாச்சி சத்தம் போட்டார், ‘ஏளா! யாரைப் பாத்துக் கை காட்டுத?’ வாய் இப்படிக் கத்துகிறது, கை அதற்குள் வின்ச்காரருக்கு நிறுத்து காட்டிவிட்டது! லாரியிலிருந்து ஆட்கள் குதித்து விலகினார்கள். அதற்குப் பிறகுதான் கட்டு விழுந்தது. லாரியின் பலகை நொறுங்கியது. ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை. அன்று லாரியில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிகிறது என்றால் யாரால் எரிகிறது? அண்ணாச்சியின் வாய்க்கு அவர் பாடம் நடத்தவில்லை. கைக்கு நடத்தினார். வாய் எப்போதும்போலத்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி, உள்ளதைச் சொன்னேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பாஷ்யம் சார், உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அவரும் ஒரே ஊர். அவர் பாடையைத் தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். வெளியே உரக்கப்பல் காத்துக்கிடக்கிறது, உள்நாட்டில் விவசாயி உரத்துக்குக் காத்துக்கிடக்கிறான். அதுவும் எனக்குத் தெரியும். ‘சைகை எல்லாம் படிச்சுட்டாங்களே, அப்புறம் என்ன?’ என்று கேட்டீர்கள். ஆமாம், படித்துவிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், ஒன்று விடாமல் செய்து காட்டுவார்கள். ஆனால் சார் எப்போதும் முதல் பாதியில் சைகையை முடித்துவிடுவார். இரண்டாவது பாதியில்தான் இளையவர் பெரியவரை நிறுத்துவார், மருமகன் மாமனாரை நிறுத்துவார், பெரியவர்கள் நிறுத்தப்பட்டுப் பழகுவார்கள். அது கூச்சம் போகிற பாதி. அது இன்னும் நடக்கவில்லை. புதிய கேங்குக்காரர்கள் எல்லோரும் ஒரே ஊர், உடன்குடிப் பக்கம். தங்கள் பெரியவர் செல்லக்கனி அண்ணாச்சி சொன்னதற்கு மறுவார்த்தை பேசி அறியாதவர்கள். திங்கட்கிழமை இவர்களைக் கப்பலில் ஏற்றினால் என்ன நடக்கும்? நன்றாகத் தூக்குவார்கள், நன்றாக இறக்குவார்கள். ஒரு நாள் ஒருவர் கயிறு பிரிவதைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு அய்யாக்குட்டிக்கு இதே கூடத்தில் இரங்கல் கூட்டம் போட வேண்டுமா? நானே வந்து பேச வேண்டுமா? எனக்குத் தெம்பு இல்லை, ஐயா!

சார் இறந்த அன்று வீட்டுக்குப் போனேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். அம்மாதான் என்னைப் பார்த்துக் கேட்டார்கள், ‘சிவா, அந்த வகுப்பு என்ன ஆச்சு?’ புருஷனைக் கிடத்தியிருக்கிற வீட்டில் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். இன்றைக்கு இந்த மேடையிலிருந்து பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றுதான் வந்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. கம்பெனி சொல்ல வேண்டும், சங்கம் சொல்ல வேண்டும். நான் கேட்கத்தான் முடியும். ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்கிறேன். மீதி வகுப்பை நான் நடத்துகிறேன், நல்லக்கண்ணு அண்ணாச்சியும் பிச்சம்மாள் அக்காவும் கூட நிற்பார்கள். அதற்குப் பிறகு...

யாரது? பின்னால் யாரோ எழுந்து நிற்கிறீர்களே. கொஞ்சம் விலகுங்கள், தெரியவில்லை. பேச்சிமுத்துவா? இவர் புதிய கேங்குக்காரர், தோழர்களே. வகுப்பில் இத்தனை நாளும் இவர் குரலை நான் கேட்டதில்லை. சார் கேட்டாலும் பக்கத்தில் இருக்கிற செல்லக்கனி அண்ணாச்சி முகத்தைத்தான் பார்ப்பார். சொல்லுங்கள் பேச்சிமுத்து. சத்தமாகச் சொல்லுங்கள், மேடைக்குக் கேட்கவில்லை.

‘திங்கக்கெழம நாங்க ஏறலை சார். படிச்சு முடிச்சுட்டு ஏறுதோம்.’

எல்லோருக்கும் கேட்டதா? திங்கட்கிழமை ஏறமாட்டோம், படித்து முடித்துவிட்டு ஏறுகிறோம் என்கிறார். வேலை போய்விடும் என்று பயம் இருக்கும், வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும். மேலாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், தன் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருந்தும் சொல்லிவிட்டார். செல்லக்கனி அண்ணாச்சி! உங்களைக் கேட்காமல் உங்கள் ஆள் பேசிவிட்டார். உங்களுக்கு வருத்தமா?

என்ன அண்ணாச்சி? ‘அவன் சொல்லுதது சரிதான்’ என்கிறீர்களா? எழுந்து நின்றே சொல்லிவிட்டார். அதோ, கேங்கே எழுந்து நிற்கிறது!

அலர்மேல்மங்கை அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பாஷ்யம் சார், நீங்கள் இப்போதே பதில் சொல்ல வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம். கிளாட்வின் அண்ணனும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நாளைக் காலை இந்தக் கூடத்தைத் திறந்து, சார் சொல்லிவிட்டுப் போனபடி கப்பிக் கயிற்றை மாற்றிக் கட்டுவேன். இவர்கள் முடிக்கும்வரை நடத்துவேன். இவர்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் நடத்துவேன். அவர் நடத்திய மாதிரி எனக்கு வராது. ஆனால் யாரும் வாய் திறக்கப் பயப்படாத கூடமாக இது இருக்கும். அவர் பெயரால் நான் கொடுக்கிற வாக்கு இது.

இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிற வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். பேச்சிமுத்துவுக்கு ஒரு கை தட்டுங்கள். சார் இருந்திருந்தால் அவர்தான் முதலில் தட்டியிருப்பார்.